உச்சந்தலைச் சுழி

கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு விளையாடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சென்னையில் கிளம்பி மதுரை, கொழும்பு, துபாய் என்று எங்கே போனாலும் சமர்த்தாகப் பறக்கிற விமானம், வட துருவத்தை நெருங்கியதும் பேய் பிடித்தாற்போல் ஆட ஆரம்பிக்கும். திசைகாட்டியின் எண்கள் தலைதெறிக்க ஓடும். ஆட்டோ பைலட் இருந்த இடத்திலேயே வட்டம் அடிக்கும். கீழே பனித்தரை என்று வரைந்து வைத்திருப்பது நீள நீளக் கோடுகளாக இழுபட்டு ஒரு புள்ளியை நோக்கிக் குவியும். பாட்டியின் இடுப்பில் இருந்த சுருக்குப் பையின் வாயை இழுத்துக் கட்டினால் துணி எப்படிச் சுருங்கி நிற்கும், அதே மாதிரி. சில விளையாட்டுகளில் அந்தப் புள்ளியில் தரையே இல்லாமல் ஓர் ஓட்டை. சிலவற்றில் வானத்தைக் குத்தும் ஊசி போல ஒரு மலை.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்த பொழுதுபோக்குகளில் இந்த விளையாட்டும் ஒன்று. பேரன்தான் கணினியில் ஏற்றிக் கொடுத்தான். துருவத்தில் நடக்கும் கூத்தை அவனிடம் காட்டினேன். "அது பக் தாத்தா. அங்க யாரு போகப்போறா, விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். முப்பத்து மூன்று வருஷம் பள்ளியில் பூகோளம் நடத்தியவனால் அப்படி விட முடியுமா? அங்கே போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். போகாமல் வீட்டில் உட்கார்ந்து வரைபடம் போட்டவர்களும் அங்கேதான் இடறியிருக்கிறார்கள். கணினி பிறப்பதற்குச் சுமார் நானூறு வருஷம் முன்பே இந்தக் கோளாறு தொடங்கிவிட்டது. அதனால் உயிரிழந்தவர்களும் உண்டு.

முதலில் இடறியவர் ஒரு வரைபடக்காரர். 1569-ல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் இருந்துகொண்டு கெரார்டஸ் மெர்காடர் 18 தாள்களில் ஒரு பெரிய உலகப் படம் வெளியிட்டார். மாலுமிகளுக்காகப் போட்ட படம். காந்த ஊசி காட்டும் ஒரே திசையில் கப்பலை விட்டுக்கொண்டே போனால், அந்தப் பாதை இந்தப் படத்தில் நேர்க்கோடாக வரும். அதற்கு அவர் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. உருண்டையின் மேல் தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் போய்ச் சேருகின்றன. அவர் படத்தில் அவை சேராமல் இணையாக நிற்கின்றன. அப்படியானால் வடக்கே போகப் போக நிலத்தைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும், அதற்குத் தக்கபடி உயரத்திலும் இழுக்க வேண்டும். 60 டிகிரியில் இரண்டு மடங்கு. 85 டிகிரியில் பதினொரு மடங்குக்கும் மேல். துருவத்தில்? முடிவிலி. உலகத்தில் இருக்கும் காகிதம் முழுவதையும் ஒட்டினாலும் துருவம் படத்துக்குள் வராது.

வகுப்பறைச் சுவரில் தொங்கிய துணிப் படத்தைப் பார்த்து, "சார், கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே சைஸா?" என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பையனாவது கேட்பான். ஆப்பிரிக்கா ஏறக்குறைய பதினான்கு மடங்கு பெரியது என்று சொன்னால் நம்பமாட்டான். உருண்டையை எடுத்துக் காட்டினால்தான் முகம் தெளியும்.

மெர்காடருக்கு இது தெரியும். தன் படத்தில் துருவத்தைக் காட்ட முடியாது என்று படத்திலேயே எழுதிவிட்டு, கீழே ஒரு மூலையில் வட்டமாகத் தனிப் படம் ஒன்று போட்டு, அதில் துருவத்தை வைத்தார். அங்கே அவர் வரைந்ததுதான் வேடிக்கை. யாரும் போகாத இடம் ஆயிற்றே. பழைய பயணக் கதை ஒன்றை நம்பி, துருவத்தைச் சுற்றி நான்கு பெரிய தீவுகள், அவற்றுக்கு நடுவே உள்நோக்கிப் பாயும் நான்கு நீரோட்டங்கள், நட்டநடுவில் 33 லீக் சுற்றளவுள்ள ஒரு கரும்பாறை என்று போட்டார். தண்ணீர் அங்கே பூமியின் வயிற்றுக்குள் இறங்குகிறதாம். அவர் இறந்த மறு வருஷம், 1595-ல், வெளிவந்த அட்லஸிலும் அதே பாறை நிற்கிறது. சில விளையாட்டுகளின் துருவத்தில் முளைக்கும் அந்த ஊசி மலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கரும்பாறைதான் ஞாபகம் வருகிறது.

அந்தப் படம் செத்துவிடவில்லை. 2005-ல் கூகுள் மேப்ஸுக்கு அதே மெர்காடர் முறையைத்தான் கையில் எடுத்தார்கள். உலகத்தைச் சரியான சதுரமாக்கி, சதுரத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி அனுப்புவது கணினிக்கு வசதி. சதுரம் வர வேண்டுமானால் 85.05 டிகிரியில் கத்தரித்துவிட வேண்டும். மைக்ரோசாஃப்டின் பிங் வரைபடத்தின் துண்டுகளும் அதே இடத்தில்தான் முடிகின்றன. அதற்கு அப்பால் துருவத்தைச் சுற்றிச் சுமார் 550 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டம் படத்தில் கிடையாது. சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்கு வான்வழியாகப் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். இப்படிப்பட்ட துண்டுகளை வாங்கித் தரையில் ஒட்டும் எந்த விளையாட்டும், அந்த வட்டத்தை வேறு எதையாவது வைத்துத்தான் மூட வேண்டும்.

இது படத்தின் கதை. விமானம் ஏன் ஆடுகிறது என்பது கணக்கின் கதை.

நாம் ஓர் இடத்தைச் சொல்ல அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்களைப் பயன்படுத்துகிறோம். நிலநடுக்கோட்டில் ஒரு தீர்க்கரேகைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 111 கிலோமீட்டர். சென்னையில் 108. வடக்கே 60 டிகிரியில் 56. வடக்கே 89 டிகிரியில் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. 89.9-ல் ஏறத்தாழ 200 மீட்டர், காலை நடையில் மூன்று நிமிஷத்தில் தாண்டிவிடலாம். துருவத்தில் சுழி.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு விமானம், துருவப் புள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் பக்கமாகக் கடந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராகத்தான் போகிறது. இம்மியும் திரும்பவில்லை. ஆனால் 80 விநாடிக்குள் அது தாண்டும் தீர்க்கரேகைகள் சுமார் 168. நிலநடுக்கோட்டில் அத்தனையையும் தாண்ட வேண்டுமானால் இருபது மணி நேரத்துக்கும் மேல் பறக்க வேண்டும். துருவத்துக்கு நேர் மேலே போனால் இன்னும் மோசம்: ஒரு கணம் முன்பு வடக்கே போய்க்கொண்டிருந்தவர், மறுகணம் தெற்கே போகிறார். 0 டிகிரி என்று காட்டிய எண் 180 ஆகிறது. விமானியின் உடம்பு எதையும் உணர்ந்திருக்காது. "வடக்கேயே போ" என்று ஆட்டோ பைலட்டுக்கு உத்தரவு போட்டிருந்தால், அது என்ன செய்யும் பாவம்? திசை தவறிவிட்டது என்று பதறி, விமானத்தை முழுதாகத் திருப்பும். திரும்பி வந்து துருவத்தைத் தாண்டினால் மறுபடி தெற்கு. மறுபடி திருப்பும். நீங்கள் திரையில் பார்க்கும் வட்டம் இதுதான்.

நிரல் எழுதியவர் பக்கமும் நியாயம் உண்டு. விமானம் கிழக்கே இத்தனை மீட்டர் நகர்ந்தால் தீர்க்கரேகை எத்தனை டிகிரி மாறும் என்று அறிய, அந்த இடத்து இடைவெளியால் வகுக்க வேண்டும். துருவத்தில் அந்த இடைவெளி சுழி. சுழியால் வகுக்கக் கூடாது என்று நமக்கு ஆறாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். கணினியிடம் கேட்டால் அது ஒன்று நின்றுவிடும், இல்லையென்றால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும்.

தமாஷ் என்னவென்றால், இந்த விளையாட்டுகளின் மூதாதைக்கு இந்த வியாதியே கிடையாது. புரூஸ் ஆர்ட்விக் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1980-ல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளியிட்ட முதல் ஃப்ளைட் சிமுலேட்டரில் உலகம் என்பதே ஆறுக்கு ஆறு, 36 கட்டங்கள் கொண்ட ஒரு தட்டை நிலம். தட்டை பூமிக்குத் துருவம் ஏது? 1982-ல் மைக்ரோசாஃப்ட் அதைத் தன் பெயரில் கொண்டுவந்தது. பிறகு வருஷத்துக்கு வருஷம் உலகம் பெரிதாகி, உருண்டையாகி, கூடவே துருவமும் வந்து சேர்ந்தது.

நிஜ விமானிகள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அவர்களுக்கு இரட்டைத் தொல்லை. தீர்க்கரேகைகள் குவிவது ஒன்று. காந்த ஊசி வேலை செய்யாதது இன்னொன்று. காந்தத் துருவம் பூகோளத் துருவத்தில் இல்லை. 1831-ல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதைக் கனடாவின் வடகோடியில், பூதியா தீபகற்பத்தில் கண்டுபிடித்தார். அதன் பின் அது இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதன் அருகில் ஊசியை இழுக்கும் விசை தரையை நோக்கி நிற்பதால், ஊசி சோம்பேறித்தனமாக எங்கேயாவது திரும்பி நிற்கும். அதனால் 1926 மே மாதம் ரிச்சர்ட் பேர்ட் துருவத்தை நோக்கிப் பறந்தபோது சூரியத் திசைகாட்டி ஒன்றைக் கொண்டு போனார். நேஷனல் ஜியாகரபிக் சங்கத்தின் வரைபடக்காரர் ஆல்பர்ட் பம்ஸ்டெட் செய்து கொடுத்தது. அடிப்படையில் நம் கோயில் மதில்களில் இருக்கும் நிழற்கடிகாரத்தின் தலைகீழ் வேலை: அங்கே திசை தெரியும், நிழலைப் பார்த்து நேரம் சொல்வோம், இங்கே கடிகாரம் நேரம் சொல்லும், நிழலைப் பார்த்துத் திசை அறியலாம். பேர்ட் உண்மையிலேயே துருவத்தைத் தொட்டாரா என்பதில் இன்றுவரை சண்டை ஓயவில்லை. அவர் வந்து மூன்று நாளில், மே 12 அன்று, அமுண்ட்சென், எல்ஸ்வொர்த், நோபிலே மூவரும் 'நோர்கே' என்ற ஆகாயக் கப்பலில் துருவத்தைக் கடந்தார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

தனித்துவமான வீரர்கள் சூரியனைப் பார்த்துப் போய்விடலாம். அன்றாடம் பறக்கிறவர்களுக்கு அது ஆகுமா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனடா விமானப் படையின் மக்ளூர் என்ற வழிகாட்டி அதிகாரி எளிமையான ஒரு வழி சொன்னார். துருவத்தைச் சுற்றி இருக்கும் படத்தின் மேல், கணக்கு நோட்டின் கட்டங்களைப் போல இணைகோடுகளைப் போட்டுவிடு. கிரீனிச் ரேகை போகும் திசைக்கு 'வடக்கு' என்று பெயர் வைத்துவிடு. உண்மையான வடக்கு எங்கே இருந்தாலும் பரவாயில்லை. படம் முழுவதும் இந்தக் கட்ட வடக்கு ஒன்றே. துருவத்தைத் தாண்டினாலும் எண் மாறாது. 1945 மே மாதம் பிரிட்டிஷ் விமானப் படையின் 'ஏரீஸ்' என்ற லான்காஸ்டர் விமானம் வட துருவத்துக்குப் பறந்தபோது மக்ளூரும் அதில் இருந்தார்.

கட்டம் போட்டாயிற்று, திசையைப் பிடித்து வைக்க ஒரு கருவி வேண்டுமே. அதற்குச் சுழலும் கைரோ. பம்பரம் வேகமாகச் சுற்றும்போது அதன் ஆணி நிலைமாறாமல் நிற்பது போல, கைரோவும் தன் திசையை விடாது. சொல்லப்போனால் அது அளவுக்கு மீறிய பிடிவாதக்காரன். விண்வெளியைப் பொறுத்து அசையாமல் நிற்கும், கீழே பூமி சுற்றிக்கொண்டிருக்கும். துருவத்தில் மணிக்கு 15 டிகிரி வீதம் அது விலகுவது போலத் தெரியும். அதைக் கழிக்க வேண்டும். கருவியின் சொந்தப் பிழையையும் கழிக்க வேண்டும். 1954 நவம்பர் 15 அன்று ஸ்காண்டிநேவிய ஏர்லைன்ஸ் கோபன்ஹேகனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு, கிரீன்லாந்து, வினிபெக் வழியாக வடக்குப் பாதையில் பயணிகளை ஏற்றிக்கொண்டு போனது இந்தக் கட்டத்தையும், இதற்கென்றே செய்த நுட்பமான கைரோவையும் நம்பித்தான்.

ஆனால் இந்த முறையில் ஒரு கூட்டல் கழித்தல் ஒளிந்திருக்கிறது. உண்மைத் திசையிலிருந்து கட்டத் திசைக்கு மாற, மேற்குத் தீர்க்கரேகையில் இருந்தால் அந்த எண்ணைக் கூட்ட வேண்டும், கிழக்கில் இருந்தால் கழிக்க வேண்டும். காந்தத் திசைக்கு மாற வேறு ஒரு திருத்தம், அதற்கும் கூட்டல் கழித்தல் உண்டு. சாதாரண இடங்களில் இந்தத் திருத்தம் சில டிகிரிதான். நம் தமிழ்நாட்டில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறக்குறைய ஒன்று. மறந்தாலும் ஊர் போய்ச் சேரலாம். துருவத்துப் பக்கம் அது பத்துக் கணக்கில், நூறு டிகிரிக்குக்கூடப் போகும். குறியை மாற்றிப் போட்டால் பிழை இரட்டிப்பாகும்.

1978 ஏப்ரல் 20. கொரியன் ஏர்லைன்ஸின் 902-ஆம் எண் விமானம், போயிங் 707, பாரிஸிலிருந்து சோல் போகக் கிளம்பியது. நடுவில் அலாஸ்காவின் ஆங்கரேஜில் எரிபொருள் நிரப்ப வேண்டும். அந்த விமானத்தில் தானாகவே இடமறியும் புதிய கருவி இல்லை. வழிகாட்டி அதிகாரியின் கணக்குதான். கிரீன்லாந்துக்கு வடக்கே, கனடாவின் எல்லையை நெருங்கிய இடத்தில், அது மெல்ல மெல்ல வலப்பக்கம் வளைய ஆரம்பித்தது. பெரிய வில் மாதிரி வளைந்து, பாரண்ட்ஸ் கடலைத் தாண்டி, நேரே சோவியத் யூனியனின் கோலா தீபகற்பத்துக்குள் நுழைந்துவிட்டது. அணு நீர்மூழ்கிகள் நிற்கும் இடம். சோவியத் போர் விமானம் ஒன்று ஏவுகணை விட்டது. இடது இறக்கையின் நுனி போயிற்று, சிதறல்கள் உடலைத் துளைத்தன. இரண்டு பயணிகள் இறந்தார்கள். விமானி எப்படியோ விமானத்தைத் தாழப் பறக்கவிட்டு, பின்லாந்து எல்லைக்கு அருகில் உறைந்து கிடந்த ஓர் ஏரியின் மேல் இறக்கினார். மீதி 107 பேர் பிழைத்தார்கள்.

விமானத்தின் பதிவுக் கருவிகளை சோவியத் அரசு திருப்பிக் கொடுக்கவில்லை. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், திசைத் திருத்தத்தின் குறி மாறிவிட்டது என்பதுதான். கூட்ட வேண்டியதைக் கழித்ததற்கு இரண்டு உயிர். பரீட்சைத் தாளில் நான் அரை மதிப்பெண் மட்டும் குறைத்துவிட்டு விட்ட பிழை.

அதே காலத்தில் வந்த ஜம்போ ஜெட்டுகளில் நிலைமக் கருவி என்ற பெட்டி இருந்தது. விமானத்தின் ஒவ்வோர் அசைவையும் தானே அளந்து, எங்கே இருக்கிறோம் என்று சொல்லும் பெட்டி. அதைச் செய்தவர்களுக்கும் துருவம் தலைவலி கொடுத்தது. பெட்டிக்குள் இருக்கும் தட்டு எப்போதும் வடக்கைப் பார்த்து நிற்க வேண்டும் என்று வைத்தால், துருவத்தைக் கடக்கும்போது ஒரு விநாடியில் அரைவட்டம் சுற்ற வேண்டும். எந்த மோட்டாராலும் ஆகாது. அதனால் "நீ வடக்கைப் பார்க்க வேண்டாம், உன் பாட்டுக்குத் திரும்பு, எவ்வளவு திரும்பினாய் என்று மட்டும் கணக்கு வைத்துக்கொள்" என்று விட்டுவிட்டார்கள். மக்ளூரின் யோசனையின் பேரப்பிள்ளை இது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலாக 777 விமானத்தை ஓட்டி வந்தார்களே, பத்திரிகைகளில் படம் எல்லாம் வந்தது, அவர்கள் நிம்மதியாக வந்ததன் பின்னால் இந்த மாதிரி ஏற்பாடுகள்தான்.

சரி, இவ்வளவு கெட்டிக்காரர்கள் இருக்கிறார்களே, துருவத்தில் உடையாத ஒரு திசைமுறையைக் கண்டுபிடித்துவிட்டால் என்ன? முடியாது. முடியாது என்பதையே கணித மேதைகள் நிரூபித்து வைத்திருக்கிறார்கள். 1885-ல் பிரான்ஸின் பாங்காரே, 1912-ல் இன்னும் விரிவாக ஹாலந்தின் பிரவுவர். நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் இது தெரியும். குழந்தையின் தலைமுடியை எப்படிச் சீவினாலும் உச்சந்தலையில் ஒரு சுழி நிற்கும். உருண்டை முழுவதும் முடி முளைத்திருந்தால், ஓரிடத்திலும் சுழியோ வகிடோ இல்லாமல் படியச் சீவவே முடியாது. 'வடக்கு' என்ற திசைக்குறிகளை பூமியெங்கும் முளைத்த முடிகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு சுழி, ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. மக்ளூர் தன் கட்டத்தால் வடக்குச் சுழியை அழித்தாரே என்று கேட்பீர்கள். அந்தக் கட்டத்தை உருண்டை முழுவதற்கும் நீட்டிக்கொண்டே போனால், இரண்டும் தென் துருவத்தில் ஒன்றாகச் சேர்ந்து ரெட்டைச் சுழியாக நிற்கும்! ரெட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கல்யாணம் என்பார்கள். இங்கே இரண்டு மடங்கு தலைவலி. வடக்கே பறக்கிறவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை, அவ்வளவுதான். சுழியை நகர்த்தலாம், ஒழிக்க முடியாது.

விளையாட்டில் விமானத்தின் மூக்கை நேரே வானத்தைப் பார்க்கத் தூக்கினாலும் சில சமயம் படம் சடாரென்று புரளும். அதுவும் உறவுமுறைதான். மூக்கு செங்குத்தானால் 'எந்தப் பக்கம் பார்க்கிறது' என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அது விமானத்தின் சொந்தத் துருவம். அப்பல்லோ விண்கலத்தின் கைரோவுக்கு மூன்றே வளையங்கள். சில கோணங்களில் இரண்டு வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து சிக்கிக்கொள்ளும். அந்தக் கோணம் வராமல் பார்த்துக்கொள்வதே விண்வெளி வீரர்களுக்கு ஒரு வேலையாக இருந்தது. அயர்லாந்தின் ஹாமில்டன் 1843-ல் டப்ளினில் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தபோது நான்கு எண்கள் சேர்ந்த ஒரு கணக்குமுறை தோன்றி, அதைப் பாலத்துக் கல்லில் செதுக்கினார். 1985-ல் கென் ஷூமேக் அதைக் கணினிப் படங்களுக்குள் கொண்டுவந்தார். மூன்று எண் போதாத இடத்தில் நான்காவது எண் சிக்கை அவிழ்க்கிறது. நல்ல சிமுலேட்டர்கள் இப்போது இதைத்தான் உள்ளே வைத்திருக்கின்றன. இடத்தைச் சொல்லவும் பூமியின் மையத்திலிருந்து நீளம், அகலம், உயரம் என்று மூன்று அளவு எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கணக்கில் துருவம் மற்ற இடங்களைப் போல ஓர் இடம். அட்சரேகை தீர்க்கரேகை நமக்குக் காட்டுவதற்கு மட்டும்.

கணக்கைச் சரிசெய்தாலும் படம் மட்டும் சரியாகாது. காரணம், எடுத்தால்தானே படம்! 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் சுற்றி, ரேடார் வைத்து உலகத்தின் மேடுபள்ளங்களை அளந்தது. இந்த விளையாட்டுகளின் மலைகளில் பெரும்பகுதி அந்த அளவையிலிருந்து பிறந்தவை. ஆனால் அந்த ஓடத்தின் பாதை வடக்கே 60 டிகிரிக்கும் தெற்கே 56 டிகிரிக்கும் நடுவில் உள்ள நிலத்தைத்தான் பார்த்தது. மக்கள் வாழும் இடங்களில் பெரும்பகுதி அதில் வந்துவிட்டது. துருவம் விட்டுப்போயிற்று. உயரே போகும் செயற்கைக்கோள்களும் துருவப் புள்ளிக்குச் சற்று விலகியே சுற்றுகின்றன. 1978 முதல் கடற்பனியை அளந்த கருவியால் வடக்கே 84.5 டிகிரிக்கு மேல் பார்க்க முடியவில்லை. அந்த வட்டத்துக்குள் பனி இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் பரப்பைக் கணக்கிட்டார்கள்.

ஓட்டை என்றால் யாராவது கதை கட்டாமல் இருப்பார்களா? 1968 நவம்பரில் எஸ்ஸா-7 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் எடுத்த பல படங்களை ஒட்டி வட துருவத்தின் படம் ஒன்றை உருவாக்கினார்கள். நடுவில் கருப்பாக ஒரு வட்டம். அது குளிர்காலம், துருவத்தில் மாதக்கணக்கில் இரவு, வெளிச்சம் இல்லாததால் கருப்பு. ரே பாமர் என்ற பத்திரிகை ஆசிரியர் 1970-ல் அதைத் தன் பறக்கும் தட்டு இதழில் போட்டு, பூமிக்கு உள்ளே போகும் வாசல் இதோ என்றார். நம்பியவர்கள் நிறைய. மெர்காடரின் தண்ணீர் இறங்கும் பாதாளம், நானூறு வருஷம் கழித்து அதே இடத்தில்!

ஆகையால் துருவத்தில் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திட்டுவதற்கு முன் எது கோளாறு, எது உண்மை என்று பிரித்துப் பாருங்கள். விமானத்தை 89.9 டிகிரியில் வைத்து, திசைகாட்டியைக் கவனிக்காமல், இறக்கைகளை மட்டமாக வைத்து நேரே விடுங்கள். எண் 0-லிருந்து 180-க்குத் தாவினால் அது கோளாறு இல்லை. நிஜ விமானத்திலும் அப்படித்தான். தீர்க்கரேகை தலைதெறிக்க ஓடினாலும் அப்படியே. நீங்கள் நேரே விட்டும் விமானம் தானாகத் திரும்பினாலோ, நடுங்கினாலோ, நின்றுவிட்டாலோ, அங்கேதான் யாரோ சுழியால் வகுத்திருக்கிறார்கள். தரை சுருக்குப் பையாகத் தெரிந்தால் அது வரைந்தவர்களின் சிக்கனம்.

தென் துருவத்திலேயே குடியிருப்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் அமுண்ட்சென்-ஸ்காட் ஆய்வு நிலையத்தில் குளிர்காலத்திலும் சில பத்துப் பேர் தங்குகிறார்கள். அங்கே எந்தப் பக்கம் கை நீட்டினாலும் வடக்கு. "வடக்குப் பக்கத்துக் கொட்டகையில் சாமான் இருக்கிறது" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. அதனால் அவர்களும் கிரீனிச் ரேகை போகும் பக்கத்தைக் 'கட்ட வடக்கு' என்று வைத்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்பதைக்கூட அதை வைத்தே குறிக்கிறார்கள். எல்லா நேர மண்டலங்களும் அங்கே வந்து முட்டுவதால், சாமான் வரும் நியூசிலாந்தின் நேரத்தையே கடிகாரத்தில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் நிற்கும் பனிப்பாளம் வருஷத்துக்குச் சுமார் பத்து மீட்டர் நகர்கிறது. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் எல்லோரும் வெளியே வந்து, துருவம் என்று நட்டு வைத்த கம்பத்தைச் சரியான இடத்தில் புதிதாக நடுகிறார்கள்.